பூ கேட்ட தளபதி

ஓசூர்,
24-8-1986

சௌபாக்கியவதி ருக்மணிக்கு, நாராயணப்பன் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது.

நான் சுகம். பிலாயில் நீயும் சென்னம்மாளும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் சுகமாக இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில் மேலே எழுதுகிறேன். பேத்திக்குச் சளி பிடித்திருப்பதாக எழுதியிருந்தாய். குறைந்ததா என்று பதிலில் மறக்காமல் குறிப்பிடவும்.

உன் கடிதம் கிடைத்தது. நீ எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்க்க, திருப்பி எழுதுகிறேன். இந்த வீட்டை விற்றுவிட்டு நான் பிலாய்க்கு வந்து உங்களோடு இருந்துவிடுவதா, அல்லது நீ ஓசூருக்குத் திரும்பி வருவதா என்பதை ஏரிக்கரை அம்மனிடம் பூ கேட்டு முடிவு செய்ய வேண்டும். பூ அம்மனுக்கு வலப்பக்கம் விழுந்தால் நீ வருகிறாய். இடப்பக்கம் விழுந்தால் நான் வருகிறேன். 'நீங்களாக வாயைத் திறந்து சொல்லப் போவதில்லை, நானாகக் கேட்கப் போவதும் இல்லை, அம்மனே சொல்லட்டும்' என்று கடைசியில் எழுதியிருக்கிறாய். அந்த வரியை மட்டும் பலமுறை படித்தேன். கோபத்தில் எழுதினாயா, சிரித்துக்கொண்டு எழுதினாயா என்று தெரியவில்லை. எதிரில் இருந்தால் தெரிந்திருக்கும்.

சென்னம்மாள் பள்ளிக்கூட வேலையில் சேர்ந்திருக்கிறாள். குழந்தைகளை விட்டுவிட்டு நீ எப்படி வர முடியும்? பிரசவத்துக்கு என்று போனாய், பிறந்த குழந்தை இப்போது நடக்கிறது. இதில் யார் மேலும் தப்பில்லை. ஆகையால் இதைப் பற்றி நான் என்ன சொன்னாலும் அது ஒருவருக்கு அநியாயமாக முடியும் என்று பேசாமல் இருக்கிறேன்.

பூ கேட்க இன்னும் போகவில்லை. பூசாரி கரியப்பன் மத்தூரில் ஏதோ கல்யாணம் என்று போயிருந்தார். அவர் வந்தபின் மழை பிடித்துக்கொண்டது. இன்று வெயில். இன்று இந்தக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

பின்கட்டில் குடியிருக்கும் திம்மராயனும் அவன் மனைவி கெம்பம்மாவும் என்னை நன்றாகவே கவனித்துக்கொள்கிறார்கள். கெம்பம்மா களி கொண்டுவந்து வைக்கும்போது, கூடவே நின்று நான் சாப்பிடுகிறேனா என்று பார்க்கிறாள். அவள் போனதும் பாதியை மூடி வைத்துவிடுகிறேன். அவளிடம் சொல்லிவிடாதே.

ஒரு செய்தி உண்டு. சிப்காட்டில் திம்மராயன் வேலை செய்யும் பம்பு கம்பெனியில் ஆயுத பூஜைக்கு வருஷா வருஷம் நாடகம் போடுவார்கள் என்பது உனக்குத் தெரியும். போன வாரம் அவனும் இன்னும் சிலரும் வந்து, இந்த வருஷம் நான்தான் எழுதித் தர வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு அதெல்லாம் வராது என்று சொன்னேன். "போன வருசம் காமெடி போட்டோம் சார். மேனேஜர் சிரிக்கவே இல்ல. இந்த வருசம் அழ வெக்கணும். ராஜா வேணும், கத்தி வேணும், கடைசில எல்லாரும் சாவணும்" என்றான் திம்மராயன். எல்லாரும் செத்துவிட்டால் திரையை யார் இறக்குவது என்று கேட்டேன். "அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே சார்" என்கிறான்.

மறுக்கத் தெரியாமல் ஒப்புக்கொண்டேன். பள்ளியில் அத்தனை வருஷம் பேராசையால் அழிந்த ராஜாக்களின் கதைகளைப் பாடம் சொன்னவன்தானே என்று எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். கதை இதுதான். ராயக்கோட்டைப் பக்கம் ஒரு சின்னக் கோட்டை. அதற்கு வயதான பாளையக்காரர் ஒருவர். அவரிடம் விசுவாசமான தளபதி. ஒரு சண்டையில் ஜெயித்துத் திரும்பும் வழியில் தளபதி அம்மன் கோயிலில் இறங்கி, விளையாட்டாக, 'இந்தக் கோட்டை எனக்கு வருமா தாயே' என்று பூ கேட்கிறான். பூ வலப்பக்கம் விழுந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்கிறான். 'அம்மனே குடுத்த பிறகு எதற்குக் காத்திருக்கிறீர்கள்' என்கிறாள் அவள். பாளையக்காரர் அவர்கள் வீட்டுக்கு விருந்துக்கு வருகிறார். உயிரோடு திரும்பவில்லை.

இந்தப் பூ கேட்கும் யோசனை உன் கடிதத்திலிருந்து வந்தது. அதை எடுத்துக்கொண்டது பற்றி வருத்தப்பட மாட்டாய் என்று நினைக்கிறேன். ஆனால் எழுத எழுத எனக்கு ஒரு பயம். பூ விழுந்ததால் அவனுக்கு ஆசை வந்ததா, ஆசை இருந்ததால்தான் போய்க் கேட்டானா? ஆசையே இல்லாதவன் அம்மனிடம் வேறு எதையாவது அல்லவா கேட்டிருப்பான்? இதை முடிவு செய்யாமல் நான் கோயிலுக்குப் போவது சரியாகுமா என்று தோன்றுகிறது. சாக்குச் சொல்கிறேன் என்று நினைக்காதே. சாக்காகவும் இருக்கலாம்.

குளிருக்கு முன் குழந்தைகளுக்குக் கம்பளி வாங்கிவிடவும். எல்லோருக்கும் என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
ந. நாராயணப்பன்


ஓசூர்,
21-9-1986

சௌபாக்கியவதி ருக்மணிக்கு அநேக ஆசீர்வாதம். இங்கு எனக்கு ஒரு குறையும் இல்லை. பேத்திக்குச் சளி விட்டது என்று அறிந்து நிம்மதி.

உன் கடிதத்தின் சூடு தபாலில் அத்தனை தூரம் வந்தும் ஆறவில்லை. தளபதியின் மனைவி பேசுவதை ஒரு பக்கம் நகல் எடுத்து உனக்கு அனுப்பியது என் தவறு. 'இவள் பேசுவதெல்லாம் நான் உங்களிடம் பேசியது. ஹெட்மாஸ்டர் வேலைக்கு எழுதிப் போடுங்கள் என்று ஒரு பெண்டாட்டி சொன்னால் அவள் கொலைகாரியா' என்று கேட்டிருக்கிறாய். நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்த பெண்பிள்ளை நீ ஒருத்திதான். எந்தப் பெண்ணைப் பேசவிட்டாலும் உன் குரலில்தான் பேசுகிறாள். வேறு குரல் எனக்குக் கேட்டதில்லை. கெம்பம்மா ஒத்திகை பார்த்துவிட்டு, "இந்த ராணி நம்ம அம்மா மாதிரியே பேசறாங்களே" என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

உன் கடிதத்துக்குப் பிறகு அந்தப் பாத்திரத்தை முழுவதும் அடித்துத் திருத்தினேன். முதலில் நான் எழுதியிருந்தபடி, கொலைக்குப் பிறகு அவளுக்குப் புத்தி பேதலித்துவிடும். தலையை விரித்துப்போட்டுக்கொண்டு கத்துவாள். இப்போது அப்படி இல்லை. அவள் நல்லபடியாகத்தான் இருக்கிறாள். அவன்தான் அவளோடு பேசுவதை நிறுத்திவிடுகிறான். எதற்கு இரண்டு பேரும் சேர்ந்து ஆசைப்பட்டார்களோ அது கைக்கு வந்த அன்றிலிருந்து அவர்களுக்குள் பேச ஒன்றும் இல்லாமல் போகிறது. அவன் ஒரு கட்டில், அவள் ஒரு ஜன்னல். கோட்டை பெரியதாக இருக்கிறது. இதில் அவளுடைய தப்பு என்ன என்று நீ கேட்டால், நானும் தேடிப் பார்த்தேன், பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை. அவன் நல்லவன் என்று நினைத்து அவள் கொஞ்சம் பெரிதாக ஆசைப்பட்டாள்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். ராணி வேஷம் பேக்கிங் செக்‌ஷனில் இருக்கும் அக்பர் பாஷாவுக்கு. நல்ல உயரம், மெல்லிய குரல், மீசையை எடுக்கச் சம்மதித்துவிட்டார். ஆனால் அவர் மனைவி தாஹிராவின் புடவை அவருக்குக் கட்டையாக இருக்கிறது. என்னிடம் வந்து தயங்கித் தயங்கிக் கேட்டார். உன் பெட்டியைத் திறந்து அந்த அரக்குப் பட்டை எடுத்துக் கொடுத்தேன். பெட்டியை உன் அனுமதி இல்லாமல் திறந்ததற்கு மன்னிக்கவும். உள்ளே நாப்தலின் உருண்டைகள் கரைந்துபோயிருந்தன. புதிது வாங்கிப் போட்டிருக்கிறேன். "அண்ணி பொடவைக்கு ஒரு சொட்டு காப்பி பட்டாலும் தாஹிரா என்னை வூட்டுக்குள்ள விடமாட்டா சார்" என்று பாஷா சத்தியம் செய்திருக்கிறார்.

ஒத்திகை சாயங்காலம் கம்பெனி ஷெட்டில் நடக்கிறது. தளபதி வேஷம் திம்மராயனுக்கு. பாளையக்காரராக நடிப்பது ஸ்டோர்ஸில் இருக்கும் கோவிந்தப்பன். அவருக்கு ஊர் சானமாவுப் பக்கம். ராகி பால் பிடித்திருக்கிறது, யானை இறங்குகிறது, இருட்டுவதற்குள் சைக்கிளில் வீடு போய்ச் சேர வேண்டும். ஆகவே ராஜா கொலையாகும் காட்சியைத்தான் தினமும் முதலில் வைத்துக்கொள்கிறோம். அவர் செத்து, எழுந்து, வேட்டியைத் தட்டிக் கட்டிக்கொண்டு, "நா வரட்டுமா சார், மிச்சத்த நீங்க பாத்துக்கோங்க" என்று கிளம்பிவிடுவார். "ராஜா, போற வழியில கணேசன் வந்தா நம்ம தளபதி பேரச் சொல்லு, விட்டுடும்" என்று திம்மராயன் பின்னாலிருந்து கத்துவான். இவர்கள் நடுவில் உட்கார்ந்திருக்கும்போது நானும் சிரிக்கிறேன். வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டதும் அது நின்றுவிடுகிறது.

பூ விழும் காட்சிக்கு ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். அம்மன் சிலை ஒன்று வேண்டும் என்று பூசாரி கரியப்பனிடம் போய்க் கேட்டோம். பண்டிகையில் ஊர்வலம் எடுக்கும் பழைய மரத்து அம்மன் முகம் ஒன்று வைத்திருந்தார். வர்ணம் போய் மூலையில் கிடந்தது. எடுத்துக்கொண்டு போங்கள் என்று கொடுத்துவிட்டார். அதன் தலையில் ஈரச் சந்தனத்தில் ஒரு செவ்வந்திப்பூவை ஒட்டி, பூவின் காம்பில் தூண்டில் நரம்பு கட்டி, அம்மனின் வலப்பக்கமாகத் திரைக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டோம். திரைக்குப் பின்னால் நான் வசனப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பேன். மறந்தவர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுப்பதும் என் வேலை, பூவை இழுப்பதும் என் வேலை. ஒரு விரலில் நரம்பைச் சுற்றிக்கொண்டு லேசாக இழுத்தால் போதும், பூ வலப்பக்கம் விழும். இடப்பக்கம் விழ வழியே இல்லை.

கதையில் தளபதி இரண்டு தடவை பூ கேட்கிறான். முதல் தடவை நான் இழுக்க வேண்டும். இரண்டாம் தடவை, கோட்டை அவன் கைக்கு வந்தபின், 'என்னிடமிருந்து இதை எவனாவது பறிப்பானா' என்று கேட்கிறான். அப்போது பூ விழாது. அம்மன் பதிலே சொல்லாமல் இருக்கிறாள். அதை அவன், பறிக்க ஒருவனும் இல்லை என்று எடுத்துக்கொண்டு சிரிக்கிறான். அந்த அசட்டுத் தைரியத்தில் கோட்டைக் கதவைக்கூடச் சாத்தாமல் அழிகிறான். சும்மா இருப்பவர்களை நாம் நமக்குத் தோதாகப் புரிந்துகொள்கிறோம் என்பதுதான் நான் சொல்ல நினைத்தது.

பூ கேட்கப் போனீர்களா என்று கேட்டிருக்கிறாய். இரண்டு தடவை கோயில்வரை போனேன். ஒரு தடவை செவ்வாய்க்கிழமை, கூட்டம். இன்னொரு தடவை கூட்டமே இல்லை. கரியப்பன் என்ன சார் கேக்கணும் என்று தட்டை எடுத்துக்கொண்டு வந்தார். ஒன்றும் இல்லை, சும்மா கும்பிட வந்தேன் என்று சொல்லித் திரும்பிவிட்டேன். கெம்பம்மாவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. "அய்யா, அம்மா எப்ப வருவாங்கன்னு நீங்க கேக்கலன்னா நானே போயி கேட்டுகினு வந்துடுவேன். அப்பறம் எம்மேல கோச்சுக்கக் கூடாது" என்கிறாள். இடப்பக்கம் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று அவளிடம் கேட்டேன். "விழுந்தா இன்னொரு தபா கேக்கறது" என்றாள்.

ஆயுத பூஜை முடியட்டும். கட்டாயம் போகிறேன்.

மாப்பிள்ளைக்கும் சென்னம்மாளுக்கும் ஆசீர்வாதம். உன் முழங்கால் வலி பற்றி இந்தத் தடவை நீ எழுதவே இல்லை. எழுதாததால் வலி இல்லை என்று நான் எடுத்துக்கொள்ளலாமா?

இப்படிக்கு,
ந. நாராயணப்பன்


ஓசூர்,
16-10-1986

அன்புள்ள ருக்மணிக்கு,

நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். நானும் இருக்கிறேன். நாடகம் நடந்து முடிந்தது. உன் புடவையைத் தாஹிரா மடித்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள், ஒரு கறையும் இல்லை. நடந்ததை விட்டுப்போகாமல் வரிசையாக எழுதப் பார்க்கிறேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்ன ஓரிருவரிடமும் முழுவதும் சொல்லவில்லை.

ஆயுத பூஜை அன்று மிஷின்களுக்கெல்லாம் மாலை போட்டு, பொரி கடலை கொடுத்து முடிந்ததும், வெயில் தாழ மேடைக்கு எல்லாரும் வந்துவிட்டார்கள். குடும்பங்கள் சூளகிரியிலிருந்தெல்லாம் வந்திருந்தன. திரை ஏறுவதற்கு முன் ஒரு காரியம் நடந்தது. மேடையில் அம்மன் முகத்தை வைத்தார்கள் அல்லவா, வர்ணம் புதிதாக அடித்து, பட்டுத்துணி சுற்றி, மூக்குத்தி எல்லாம் ஒட்டி. அதைப் பார்த்ததும் கோவிந்தப்பன், அம்மனைப் பூஜை போடாமல் மேடை ஏற்றலாமா, நான் வேறு தினமும் சாகிறவன், எனக்கு மனசு கேட்கவில்லை என்று சொல்லிவிட்டார். எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். கரியப்பனையே கூட்டிவந்து, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார்கள். ஒருவருக்கும் அதில் ஒன்றும் தவறாகப் படவில்லை. எனக்குத்தான் விரலில் இருந்த நரம்பு திடீரென்று கனமாக இருந்தது. அதுவரை அது நாடகச் சாமான். பூஜை போட்டபின் அது அம்மன். அம்மன் தலையில் கட்டிய நூலை நான் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இது மோசடி அல்லவா என்று கரியப்பனிடம் காதில் கேட்டேன். "அவளுக்குத் தெரியாதா சார், நாடகம்னு" என்று சொல்லிவிட்டுத் தேங்காய் மூடியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

முதல் பூ சரியாக விழுந்தது. நான் இழுத்தேன், வலப்பக்கம் விழுந்தது. முன்வரிசையில் இருந்த பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். யாரோ ஒரு அம்மாள் குலவை போட்டாள். கொலைக் காட்சியில் மேனேஜர் கைக்குட்டையை எடுத்தார் என்று சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து எனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மனின் பின்பக்கமும், அந்தப் பக்கம் நடமாடும் உன் அரக்குப் புடவையும்தான். விளக்கு வெளிச்சத்தில் அது ஒரு தூணைத் தாண்டிப் போகும்போது எனக்கு ஒரு நிமிஷம் பக்கம் புரட்ட மறந்துவிட்டது.

பிறகு இரண்டாவது பூ. புதுப் பூவை ஒட்டி, நரம்பும் கட்டித்தான் வைத்திருந்தார்கள். ஆனால் இழுக்கக் கூடாது. திம்மராயன் மண்டியிட்டுக் கையைக் கூப்பி, 'தாயே, என்னிடமிருந்து இதை எவனாவது பறிப்பானா' என்று கேட்டான். அதன்பின் அவன் ஒன்றும் பேசாமல் காத்திருக்க வேண்டும். எனக்கும் வேலை ஒன்றும் இல்லை. ஷெட்டில் அத்தனை பேர் இருந்தும் ஒரு சத்தம் இல்லை. அந்த அமைதியில், ருக்மணி, நான் கேட்டுவிட்டேன். நினைத்துக் கேட்கவில்லை. தானாக வந்தது. ருக்மணி வருவாளா தாயே என்று மனதுக்குள் கேட்டேன்.

பூ விழுந்தது.

வலப்பக்கம்தான் விழுந்தது.

நாடகத்தில் அது விழவே கூடாது. அவன் கேட்ட கேள்விக்கு, ஆமாம், பறிப்பான் என்று அம்மன் சொல்லிவிட்டது போல ஆகிவிட்டது. கூட்டத்துக்கு அது தெரியாது, அவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறார்கள். திம்மராயன் சிரிக்க வேண்டியவன், சிரிக்க முடியாமல் பூவையே பார்த்துக்கொண்டிருந்தான். எடுத்துக் கொடுக்க என் புத்தகத்தில் வசனம் இல்லை. பக்கங்களைப் புரட்டினேன். அவன், "அப்பிடியா தாயே? சரி, வரட்டும்" என்று தன் சொந்தப் பேச்சில் சொன்னான். சொல்லிவிட்டு அம்மன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டான்.

காட்சி நின்றுபோகுமே என்று பயந்து அக்பர் பாஷா உள்ளேயிருந்து வந்துவிட்டார். அவருக்கும் அங்கே வசனம் கிடையாது. அவர் மெதுவாக வந்து, புடவையை ஒதுக்கி, தளபதியின் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் சும்மா இருந்தார்கள். பிறகு அவர், "சாப்ட்டீங்களா?" என்று கேட்டார்.

கூட்டம் சிரித்தது. பின்னாலிருந்து ஒருவன் விசில்கூட அடித்தான். திம்மராயன் தலையை மட்டும் ஆட்டினான், இல்லை என்று. சிரிப்பு நின்றுவிட்டது. முன்வரிசையில் கெம்பம்மா வாயை முந்தானையால் மூடிக்கொண்டு அழுததாக அவளே பிறகு சொன்னாள். அந்த ஒரு வார்த்தையை நான் என் நாடகத்தில் எங்கேயும் எழுதவில்லை. அத்தனை பக்கம் எழுதியவனுக்கு அது தோன்றவில்லை.

மிச்சம் எல்லாம் எழுதியபடியே நடந்தது. எல்லாரும் செத்தார்கள், நான்தான் திரையை இறக்கினேன். மேனேஜர் மேடையில் என்னைக் கூப்பிட்டு ஒரு துண்டு போர்த்தினார். எல்லாரும் கலைந்தபின் பார்த்தால், வாசல் வாட்ச்மேன் அம்மன் முகத்துக்கு முன்னால் நின்று மகள் கல்யாணத்துக்குப் பூ கேட்டுக்கொண்டிருக்கிறார். நரம்பு இன்னும் அதில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் கண்ணுக்கு அது படவில்லை. நான் அப்படியே வந்துவிட்டேன்.

இப்போது என் கஷ்டத்தைச் சொல்கிறேன். பூ விழுந்ததும் என் விரலைப் பார்த்தேன். நரம்பு சுற்றியபடியே இருந்தது, இறுகித்தான் இருந்தது. நான் இழுத்தேனா? சத்தியமாகத் தெரியவில்லை. இழுத்த நினைவு இல்லை. இழுக்கவில்லை என்று சொல்லும் தைரியமும் இல்லை. சந்தனம் காய்ந்து தானாகவும் விழுந்திருக்கலாம், மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியாலும் இருக்கலாம். இடப்பக்கம் விழுந்திருந்தால் அது நிச்சயமாக நான் இல்லை என்று சொல்லிவிடலாம். வலப்பக்கம் விழுந்ததால் ஒன்றையும் நிரூபிக்க முடியாது.

திம்மராயனிடம் மட்டும், தவறிப்போய் நான்தான் இழுத்துவிட்டேனோ என்று சந்தேகமாக இருக்கிறது, நாடகம் கெட்டதற்கு மன்னித்துவிடு என்றேன். அவன் வேஷத்தைக் கலைத்துக்கொண்டே, "எங்க சார் கெட்டுது? எல்லாம் அந்த எடத்ததான் பேசிகினு போறாங்க. நீங்க இழுத்தீங்களோ இல்லயோ, இழுக்க வெச்சது யாரு சார்?" என்றான். அவன் லேசாகத்தான் சொன்னான், எண்ணெய் தடவி முகத்தைத் துடைத்துக்கொண்டு. என் தளபதியும் இதைத்தான் சொல்லிக்கொண்டு கத்தியை எடுத்தான். கெம்பம்மாவிடம் நான் மனதில் என்ன கேட்டேன் என்பதை மட்டும் சொன்னேன். "அம்மன் குடுத்துட்டாளே! இன்னும் என்ன ரோசனை? இன்னிக்கே எழுதிப் போடுங்க" என்று இன்லண்டு லெட்டர் வாங்க அவளே கிளம்பிவிட்டாள்.

நீ கேட்டது அம்மனுடைய வாக்கு. வலப்பக்கம் விழுந்தது என்று மட்டும் ஒரு வரி எழுதிப்போட்டால் நீ பெட்டியைக் கட்டிவிடுவாய். சென்னம்மாளும் அம்மன் சொல்லிவிட்டாள் என்றால் மறுபேச்சுப் பேச மாட்டாள். எனக்கும் ஒரு பழியும் வராது. மூன்று நாள் யோசித்தேன். அப்படி எழுத முடியவில்லை. என் விரலில் நூல் இருந்தது. நூலைப் பிடித்துக்கொண்டு கேட்டவன், அம்மன் சொன்னாள் என்று உன்னிடம் சொல்லக் கூடாது.

கோயிலுக்குப் போய் நூல் இல்லாமல் மறுபடி கேட்கலாம். அதற்கும் போகப் போவதில்லை. இந்தத் தடவை சாக்கு இல்லை. இடப்பக்கம் விழுந்தால் அதை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஏற்றுக்கொள்ள முடியாதவன் கேட்கக் கூடாது.

விரல் இழுத்திருந்தால், அது என் விரல். அம்மன் பெயரைச் சொல்லாமல், சென்னம்மாள் பெயரைச் சொல்லாமல், வீட்டின் பெயரைச் சொல்லாமல் எழுதுகிறேன். நீ வா, ருக்மணி. நான்தான் கேட்கிறேன்.

சென்னம்மாளுக்குச் சிரமம் என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதி இதோடு தபாலில் சேர்க்கிறேன். அவளிடம் நீ எதையும் சொல்லித் தர்க்கம் பண்ண வேண்டாம். கேட்டது நான் என்று அதில் எழுதியிருக்கிறேன். அவள் கோபித்துக்கொண்டால் என்னைக் கோபித்துக்கொள்ளட்டும். குழந்தைகளைப் பரீட்சை லீவுக்கு இங்கே அனுப்பச் சொல்லியும் கேட்டிருக்கிறேன். மாப்பிள்ளையை உன்னை மெட்ராஸ் வண்டியில் ஏற்றிவிடச் சொல். மெட்ராசில் மாறி ஜோலார்பேட்டையில் இறங்கினால் நான் பிளாட்பாரத்தில் இருப்பேன். பெட்டியை இறக்க அவசரப்படாதே, வண்டி அங்கே கொஞ்ச நேரம் நிற்கும். முழங்காலைப் பார்த்து இறங்கு. தீபாவளிக்கு முன்னால் வர முடியாவிட்டால் பின்னால் வா. தேதி மட்டும் எழுது.

நீ வராவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை என்று இங்கே ஒரு வரி எழுதியிருந்தேன். அதை அடித்திருக்கிறேன். மையை மீறிப் படிக்க முடிந்தாலும் படிக்காதே.

உன் கால் நல்லபடியாகி, வழியில் ஒரு குறையும் இல்லாமல் நீ வந்து சேர வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். குழந்தைகளுக்கு முத்தம்.

இப்படிக்கு,
உன் நாராயணப்பன்